கடலில் எரிவதை யார் அணைப்பது? ஒரு தீயணைப்புப் படகின் கதை

தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "துறைமுகத்துக்குப் புதுக் கப்பல் வரும்போது ஒரு படகு இரண்டு பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சி வரவேற்கிறதே, அது வெறும் அலங்காரத்துக்கா, இல்லை நிஜமாகவே தீயை அணைக்குமா? சுற்றிலும் தண்ணீரில் நிற்கிற கப்பலுக்கு அணைக்கத் தனியாக ஒரு படகு எதற்கு? இதற்கு வரலாறு ஏதாவது உண்டா?"

மூன்றுக்கும் சேர்த்தே சொல்கிறேன். நான் நாகப்பட்டினம் பக்கத்துக்காரன், இழுவைப் படகுகளில் இஞ்சின் அறையில் பல வருடம் வேலை பார்த்தவன். இந்த விஷயம் எனக்கு மனதுக்கு நெருக்கமானது, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் அந்த இரண்டாவது கேள்வி, அதுதான் நல்ல கேள்வி. சுற்றிலும் தண்ணீர் இருக்கிறது, சரி. அதைத் தூக்கித் தீயின் மேல் போட பம்பு வேண்டும், பம்பு ஓட கரண்ட் வேண்டும், கப்பலில் கரண்ட் வருவது இஞ்சின் அறை ஜெனரேட்டரிலிருந்து. கப்பலில் தீ அதிகமாகப் பிடிக்கிற இடங்களில் முக்கியமானதே அந்த இஞ்சின் அறைதான். அங்கே தீப்பிடித்தால் முதலில் விளக்கு அணையும், அப்புறம் பம்பு நிற்கும். எமர்ஜென்சி பம்பு என்று ஒன்று தனியாக உண்டு, ஆனால் அது சின்னது. அந்த நிமிடத்திலிருந்து கப்பலைச் சுற்றியுள்ள கடல் முழுவதும் இருந்தும் பயனில்லை.

கரையிலிருந்து தீயணைப்பு வண்டி வராதா என்றால், வரும். நம் ஊர் நிலையங்களில் நிற்கிற பெரிய வண்டியில் சாதாரணமாக 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கும். வைக்கோல் போர், கூரை வீடு, கடைத்தெரு என்றால் அது பெரிய உதவி. ஆனால் கப்பலின் ஒரு பக்கம்தான் கரையை ஒட்டியிருக்கும். மறுபக்கம் எரிந்தால் ஏணியை எங்கே சாத்துவது? கப்பல் தள்ளி நங்கூரத்தில் நின்றால் அதுவும் இல்லை. அந்தக் காலத்தில் ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்துக்கு வரும்போது கரைக்கு வராமல் வெளிக்கடலில்தான் நிற்கும், பினாங்கு, சிங்கப்பூர் போகிற சனங்கள் படகில் போய்த்தான் ஏறுவார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படி நிற்கிற கப்பலுக்குத் தீயணைப்பு வண்டி கரையில் வந்து நின்று என்ன செய்யும்?

அதனால்தான் பம்பையே மிதக்க விட்டார்கள். 1760களிலேயே லண்டனில் தேம்ஸ் ஆற்றில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் படகில் கைப்பம்பை வைத்து, ஆட்களை நிறுத்தி, ஏற்றம் இறைக்கிற மாதிரி மாற்றி மாற்றி அழுத்தித் தண்ணீர் அடித்திருக்கிறார்கள். ஆற்றங்கரைக் கிட்டங்கிகளில் இருந்த சரக்குக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தானே, அதனால் அவர்களுக்குத்தான் முதலில் அக்கறை வந்தது. நூறு வருடம் கழித்து நீராவி வந்தது. பாஸ்டனில் 1873, நியூயார்க்கில் 1875 என்று வரிசையாக நீராவித் தீயணைப்புப் படகுகள் இறங்கின. நீராவியில் ஒரு தொல்லை உண்டு: அழைப்பு வந்த பிறகு கொதிகலனைப் பற்றவைத்தால் நீராவி ஏறுவதற்குள் எல்லாம் எரிந்து முடிந்துவிடும், ஆகவே தீ வந்தாலும் வராவிட்டாலும் இரவும் பகலும் கரி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, பொதுவாகச் சொல்வதைவிட ஒரே ஒரு படகை எடுத்துக்கொள்கிறேன். நியூயார்க் துறைமுகத்தின் ஜான் ஜே. ஹார்வி. இத்தனை வருடத்தில் நான் படித்த படகுக் கதைகளில் இது போல என்னைப் பிடித்துக்கொண்டது வேறில்லை.

1930 பிப்ரவரியில் நியூயார்க்கில் கரையோரம் நின்ற மூன்ஷென் என்ற ஜெர்மன் கப்பலில் தீ. அணைக்கப் போன தாமஸ் வில்லெட் என்ற தீயணைப்புப் படகை ஓட்டியவர் ஜான் ஹார்வி. கப்பல் வெடித்ததில் அவர் இறந்துபோனார். அடுத்த வருடம், 1931ல், நகரம் புதிதாகக் கட்டிய படகுக்கு அவர் பெயரை வைத்தார்கள். மேயர் பெயர், தலைவர் பெயர் என்று வைக்கிற வழக்கத்துக்கு நடுவே ஒரு படகோட்டியின் பெயர்.

படகு 130 அடி நீளம். நியூயார்க் தீயணைப்புத் துறையில் நீராவி இல்லாமல் இஞ்சினில் ஓடிய முதல் படகு இதுதான், முதலில் பெட்ரோலில், 1957க்குப் பிறகு டீசலில். இஞ்சின் நேராகச் சுழல்விசிறியைச் சுற்றாது. ஜெனரேட்டரைச் சுற்றி மின்சாரம் எடுக்கும், அந்த மின்சாரத்தில் படகை ஓட்டும் மோட்டார் ஓடும். தீ இருக்கிற இடத்துக்கு முழு வேகத்தில் போய்ச் சேர்ந்ததும், இஞ்சினின் பலத்தில் பெரும்பங்கைத் தண்ணீர் பம்புக்கு மாற்றிக்கொள்ளலாம். ஓடுகிறபோது ஓட்டத்துக்கு, நிற்கிறபோது தண்ணீருக்கு. 1931ல் இப்படி யோசித்துக் கட்டியிருக்கிறார்கள் என்பதை இன்றைக்கும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எவ்வளவு தண்ணீர்? நிமிடத்துக்கு 18,000 கேலன். கேலன் கணக்கு நமக்குப் பிடிபடாது, நம் கணக்கில் சொல்கிறேன். வினாடிக்கு 1,100 லிட்டருக்கு மேல், அதாவது சுமார் 40 கன அடி. மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று தினமும் பேப்பரில் பார்க்கிற நமக்கு இது புரியும், ஒரு கிளை வாய்க்கால் நிறைந்து ஓடுகிற தண்ணீரை ஒரே ஒரு படகு வானத்தில் தூக்கி எறிகிறது. வயலில் ஓடுகிற போர் மோட்டார் வினாடிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் தள்ளும் என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட நூறு போர். மேலே சொன்ன 4,500 லிட்டர் வண்டி இந்தப் படகுக்கு நாலு வினாடி வேலை.

அந்தத் தண்ணீர் உள்ளே வருகிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வாய்க்கால் கரையில் ஆயில் இஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைத்தவர்களுக்குத் தெரியும், தண்ணீருக்குள் இருக்கும் குழாயின் அடிமுனை வால்வு, அதாவது ஃபுட் வால்வு, கசிந்தால் குழாயில் காற்று ஏறிவிடும், இஞ்சின் என்னதான் கத்தினாலும் ஒரு சொட்டு வராது. சாணியைக் கரைத்து ஊற்றி, குடம் குடமாகத் தண்ணீர் விட்டு, காற்றை வெளியே எடுக்க வேண்டும். தீயணைப்புப் படகில் பம்பு தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, படகின் அடிவயிற்றில் இருக்கும். வால்வைத் திறந்ததும் கடல் தானாகப் பம்புக்குள் வந்து நிற்கும், காற்று எடுக்கிற வேலையே இல்லை. ஆனால் அதே இடத்தில் ஒரு சனியனும் உண்டு. தண்ணீர் உள்ளே வரும் வாயில் சல்லடை இருக்கும். நம் முகத்துவாரம் போல மண்ணும் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் அடித்துவரும் இடத்தில் பத்து நிமிடத்தில் அந்தச் சல்லடை மூச்சடைத்துவிடும். பம்பு சத்தம் மாறும், உள்ளே கூழாங்கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி கடகடவென்று. அந்தச் சத்தம் கேட்டால் மேலே பீய்ச்சுகிறவனுக்குத் தகவல் சொல்லிவிட்டு சல்லடையைக் கழற்ற ஓட வேண்டும். சேற்று நாற்றமும் சூடான கிரீஸ் நாற்றமும் சேர்ந்து வரும் அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

ஆழம் குறைந்தால் இன்னும் மோசம். 1940 டிசம்பர் 29 இரவு லண்டன் மேல் தீக்குண்டு மழை பொழிந்தபோது தேம்ஸில் தண்ணீர் மிகவும் வற்றியிருந்த நேரம். தீயணைப்புப் படகுகளால் கரையை நெருங்க முடியவில்லை, குழாயை இழுத்துக்கொண்டு சேற்றில் இறங்க வேண்டியதாயிற்று.

இனி ஹார்வி பார்த்த பெரிய தீக்கள். 1942 பிப்ரவரி 9. நார்மண்டி என்ற பிரெஞ்சுப் பயணிகள் கப்பல், அன்றைய உலகின் மிகப் பெரிய கப்பல்களில் ஒன்று, போர்வீரர்களை ஏற்றுவதற்காக நியூயார்க்கில் மாற்றிக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. இரும்பு வெட்டும்போது தெறித்த பொறி குவித்துவைத்திருந்த உயிர்காப்புச் சட்டைகளில் விழுந்தது. கப்பலின் குழாய் இணைப்பு பிரெஞ்சு அளவு, நியூயார்க் தீயணைப்பாரின் குழாய் அதில் பொருந்தவில்லை. கரையிலிருந்து வண்டிகளும் ஆற்றிலிருந்து ஹார்வி முதலான படகுகளும் மணிக்கணக்கில் தண்ணீர் அடித்தார்கள். தீ அடங்கியது. ஆனால் அடித்த தண்ணீர் முழுவதும் மேல்தளங்களில் தேங்கிவிட்டது, மறுநாள் விடியுமுன் கப்பல் ஒருக்களித்து அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது.

இது ஏன் நடந்தது என்று புரிய வீட்டில் ஒரு சோதனை போதும். ஒரு பெரிய அண்டாவில் பாதி தண்ணீர் வைத்து இரண்டு பேர் தூக்கி நடந்து பாருங்கள். நிறைந்த அண்டா கனமாக இருக்கும், ஆனால் அடங்கி வரும். பாதி அண்டா இப்படி ஓடும், அப்படி ஓடும், சாய்ந்த பக்கமே மொத்தத் தண்ணீரும் போய்ச் சேர்ந்து ஆளையே இழுக்கும். கப்பலின் ஒவ்வொரு தளமும் அப்படி ஒரு பாதி அண்டா. நார்மண்டியை வடிவமைத்த யுர்கேவிச் கப்பல் நின்ற துறைக்கே வந்து, அடிப்பகுதியில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கப்பலை நேராகத் தரையில் உட்கார வையுங்கள் என்று சொல்லிப் பார்த்தார், பொறுப்பில் இருந்தவர்கள் கேட்கவில்லை. தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும் தீயணைப்பு ஆகாது, போன தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்கவும் ஒருவர் வேண்டும். படகில் வேலை செய்ய வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்த வருடமே, 1943 ஏப்ரல் 24, எல் எஸ்டெரோ என்ற சரக்குக் கப்பல். உள்ளே 1,300 டன்னுக்கும் மேல் வெடிமருந்து. இஞ்சின் அறையில் எண்ணெய்த் தீ. கப்பலைத் தானே மூழ்கடிக்கலாம் என்றால், திறக்க வேண்டிய வால்வுகள் தீக்கு நடுவே மாட்டிக்கொண்டன. பக்கத்திலேயே இன்னும் வெடிமருந்துக் கப்பல்கள், எதிரே நகரம். இழுவைப் படகுகள் எரிகிற கப்பலைக் கட்டி வெளியே இழுத்துப்போக, ஹார்வியும் ஃபயர் ஃபைட்டர் என்ற இன்னொரு படகும் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு தண்ணீரைக் கொட்டிக்கொண்டே போயின. வெடித்திருந்தால் இரண்டு படகிலும் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். தண்ணீர் நிரம்பி நிரம்பி, இரவு ஒன்பது மணிக்கு மேல் கப்பல் மூழ்கியது. வெடிக்கவில்லை. நார்மண்டியைக் கவிழ்த்த அதே வேலை இங்கே ஒரு ஊரைக் காப்பாற்றியது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு பம்பாய் ஞாபகம் வரும். சரியாக ஒரு வருடம்கூட ஆகவில்லை, 1944 ஏப்ரல் 14. விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிக்கீன் கப்பல். உள்ளே பஞ்சுப் பொதிகள், 1,400 டன் அளவுக்கு வெடிபொருள், தங்கக் கட்டிகள். மதியம் புகை தெரிந்தது. கரையிலிருந்தும் படகுகளிலிருந்தும் 900 டன்னுக்கு மேல் தண்ணீர் அடித்தார்கள், புகையில் தீயின் மூலம் எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை, அடித்த தண்ணீரே உள்ளே கொதித்தது. கப்பலை வெளியே இழுத்துப்போகவும் இல்லை, மூழ்கடிக்கவும் இல்லை. 3.50க்குக் கப்பலை விட்டு வெளியேறச் சொன்னார்கள். 4.06க்கு வெடித்தது. அதிர்ச்சி சிம்லாவில் இருந்த பூகம்பக் கருவியில் பதிந்தது. அரை மணி நேரத்துக்குள் இரண்டாவது வெடிப்பு. இறந்தவர்களில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள்.

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 14 அன்று நம் ஊர்த் தீயணைப்பு நிலையங்களில் மலர்வளையம் வைத்து, தீத்தொண்டு வாரம் என்று பள்ளிக்கூடங்களிலும் பஸ் ஸ்டாண்டுகளிலும் செய்துகாட்டுகிறார்களே, அது அந்த 66 பேருக்காகத்தான். நமக்குச் சித்திரை பிறக்கிற நேரம் என்பதால் பலர் கவனிப்பதில்லை. அடுத்த முறை போய்ப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு கப்பல் தீயில் இறந்தவர்களுக்காகத் திருவாரூரிலும் மன்னார்குடியிலும் மௌனமாக நிற்கிறார்கள்.

அப்புறம் ஹார்விக்கு வருவோம். கப்பல் சரக்கு பெட்டிகளுக்குள் போனது, மரத்தால் கட்டிய துறைகள் குறைந்தன, தீயும் குறைந்தது. 1994ல் அதை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1999ல் ஏலம். பழைய இரும்புக்கு எடுக்கிறவர்கள் போட்டியிட, படகின் மேல் ஆசை கொண்ட சில பேர் ஒன்றுசேர்ந்து 28,010 டாலருக்கு எடுத்துவிட்டார்கள். துருவைச் சுரண்டி, இஞ்சினைத் திரும்ப ஓட்டி, ஞாயிற்றுக்கிழமை சவாரி போகிற படகாக்கினார்கள். பம்பு வேலை செய்யும், ஆனால் இனி அது தீயணைப்புப் படகு இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

2001 செப்டம்பர் 11. இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபோது நிலத்தடிக் குடிநீர்க் குழாய்கள் உடைந்து, அந்தப் பகுதித் தெருக்குழாய்களில் தண்ணீர் வரவில்லை. ஆற்றங்கரை கூப்பிடு தூரத்தில். ஹார்வியின் புதுச் சொந்தக்காரர்கள் படகை எடுத்துக்கொண்டு போய் முதலில் சுமார் 150 பேரை ஏற்றி வெளியே கொண்டுபோனார்கள். அதற்குள் தீயணைப்புத் துறையிலிருந்து ரேடியோவில் கேட்கிறார்கள், உங்கள் பம்பு ஓடுமா என்று. ஓடும் என்றார்கள். மரைன் 2 என்ற அதன் பழைய பெயரை மறுபடி கொடுத்து அழைத்தார்கள். இன்னும் வேலையில் இருந்த ஃபயர் ஃபைட்டர், ஜான் டி. மெக்கீன் படகுகளோடு சேர்ந்து ஹார்வி கிட்டத்தட்ட 80 மணி நேரம் ஹட்சன் ஆற்றுத் தண்ணீரைக் கரைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. மேலே பீய்ச்சுகிற படகு அது, கரைக்குக் குழாய் கொடுக்கப் போதுமான இணைப்புகள் இல்லை. பீரங்கி மாதிரி இருக்கும் பீய்ச்சு குழல்களின் வாயைப் பாட்டிலையும் மரத்துண்டையும் வைத்து அடைத்து, தண்ணீரைக் குழாய்ப் பக்கம் திருப்பினார்கள். பழைய இரும்பு விலைக்குப் போயிருக்க வேண்டிய படகு.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு, நேரடியாகச் சொல்கிறேன். தீயணைப்புப் படகை, போன வருடம் எத்தனை தீயை அணைத்தது என்று கணக்குப் பார்த்து வைத்திருப்பதும் விற்பதும் தவறு. மதகில் கதவு வெள்ளத்துக்காகத்தான் இருக்கிறது, வெள்ளம் வராத வருடம் கதவைக் கழற்றி விற்கிறோமா? ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். வாரம் ஒரு முறை பம்பைப் போட்டு, வால்வைத் திருகி, பீய்ச்சிப் பார்க்காத படகு தேவைப்படும் நாளில் ஓடாது. நீங்கள் அலங்காரமா என்று கேட்ட அந்த வரவேற்புத் தண்ணீர்கூட ஒரு விதத்தில் பம்பையும் குழலையும் ஓட்டிப் பார்க்கிற வேலைதான்.

இன்றைக்குத் தனித் தீயணைப்புப் படகு வைத்திருக்கும் துறைமுகங்கள் குறைவு. கப்பலைத் தள்ளி ஒதுக்குகிற இழுவைப் படகிலேயே பெரிய பம்பும் மேலே இரண்டு பீய்ச்சு குழலும் வைத்துவிடுகிறார்கள். ஃபைஃபை ஒன்று என்று அதற்கு ஒரு தரம் உண்டு: மணிக்கு 2,400 கன மீட்டர் தண்ணீர், 120 மீட்டர் தூரம், 45 மீட்டர் உயரம். இழுவைப் படகு பொருத்தமும்கூட, ஏனென்றால் பீய்ச்சும்போது தண்ணீர் படகைப் பின்னால் தள்ளும், நல்ல இஞ்சின் பலம் இல்லாவிட்டால் படகு ஒரு இடத்தில் நிற்காது. அடுத்த முறை கவனித்துப் பாருங்கள், ஓட்டுகிற அறையைச் சுற்றிச் சின்னச் சின்னக் குழாய் முனைகள் இருக்கும். அவை தன் மேலேயே தண்ணீரைத் தெளித்துக்கொள்ள, தீக்குப் பக்கத்தில் போனால் தான் வெந்துபோகாமல் இருக்க.

நடுக்கடலில் எரிந்தால் இதெல்லாம் உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். ரஜூலாவுக்குப் பிறகு ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் கடல் நடுவே தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள், அதன் பிறகு அது பயணிகளை ஏற்றவில்லை. நாகூர், காரைக்கால் பக்கம் இன்னும் அந்தக் கப்பலின் பெயரைச் சொன்னால் பேச்சு நின்றுவிடும் வீடுகள் உண்டு. அங்கே கப்பலில் இருப்பவர்கள்தான் தீயணைப்புத் துறை.

நம் பக்கத்து மீன்பிடித் துறைகளுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பல வருடம் முன்பு ஒரு துறையில் நான் நின்றிருந்தபோது, வரிசையாகக் கட்டியிருந்த விசைப்படகுகளில் நடுவே ஒன்றில் அடுப்பிலிருந்து தீ. வண்டி வந்துவிட்டது, சீக்கிரமாகவே வந்தது. ஆனால் ஏலக்கொட்டகைக்கு முன்னால் வலைக்குவியலும் ஐஸ் வண்டிகளும், உள்ளே நுழைய வழியில்லை. தண்ணீர் எட்டவில்லை. பக்கத்துப் படகு டீசல் டேங்கு நிறைத்துக் கடலுக்குப் போகத் தயாராக நின்றது. யாரோ ஒரு பெரியவர் "கயித்த வெட்டுங்கடா, தள்ளி விடுங்கடா" என்று கத்தினார். நாலைந்து பையன்கள் அரிவாளால் கயிற்றை வெட்டி, மூங்கில் கழிகளை ஊன்றி, எரிகிற படகை வரிசையிலிருந்து பிரித்து ஆற்று நடுவுக்குத் தள்ளினார்கள். ஒருவனுக்கு முழங்கை வரை தோல் உரிந்துவிட்டது. நீரோட்டம் அதைக் கொஞ்ச தூரம் கொண்டுபோய் மணல் திட்டில் தட்டி நிறுத்த, அங்கேயே எரிந்து தண்ணீரில் அமர்ந்தது. மற்ற படகுகள் தப்பின.

எல் எஸ்டெரோ பற்றி அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் செய்தது அதேதான். ஒரு சின்ன ஃபைபர் படகில் நல்ல டீசல் பம்பும் ஒரு பீய்ச்சு குழலும் இரண்டு பழகிய ஆளும் அன்று இருந்திருந்தால் அந்தப் பையனின் கை தப்பியிருக்கும், அந்தப் படகில் பங்கு வைத்திருந்த குடும்பங்களின் பிழைப்பும் தப்பியிருக்கும்.